வெள்ளைப் பந்து எங்கே நிற்கிறது?

(இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை)

ஸ்நூக்கர் என்றால் என்ன என்று நம் வகுப்பில் பத்துப் பேரைக் கேட்டுப் பார்த்தேன். ஏழு பேர், "டிவியில வருமே... வெயிஸ்ட் கோட்டு மாட்டிக்கிட்டு பச்சை மேஜையில குச்சியால குத்துவாங்களே, அதானே?" என்றார்கள். இரண்டு பேர், "பணக்காரப் பசங்க ஆடுறது" என்றார்கள். ஒருத்தன் மட்டும், "அது எதுக்குடா நமக்கு? போர்டு எக்ஸாமுக்கு வருமா?" என்று கேட்டான். மூன்று பதிலுமே சரிதான். இருந்தாலும் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மாணவர் மன்றச் செயலாளர் கேட்டதும் எனக்கு இதைத்தான் எழுதத் தோன்றியது. இந்த வருடம் நான் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. அதற்கு எனக்குக் கை கொடுத்தது இந்த விளையாட்டும், இதை ஆடிய ஒருவரின் வாழ்க்கையும்தான்.

முதலில் பெயரைப் பார்ப்போம். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் வூல்விச் என்ற இடத்தில் இருந்த ராணுவ அகாடமியில், புதிதாகச் சேரும் முதலாண்டு மாணவனுக்கு சீனியர்கள் வைத்த பட்டப்பெயர்தான் 'ஸ்நூக்கர்'. ஒன்றும் தெரியாத கத்துக்குட்டி என்று அர்த்தம். நம் பாஷையில் சொன்னால், 'ஃபர்ஸ்ட் இயர்!'

இந்த ஆட்டம் பிறந்தது இங்கிலாந்தில் அல்ல, நம் நாட்டில். 1875-ல் ஜபல்பூரில் மழைக்காலம். வெளியே போக முடியாத இளம் ஆங்கிலேய அதிகாரிகள் மெஸ்ஸில் இருந்த பில்லியர்ட்ஸ் மேஜையைச் சுற்றிப் பொழுதைப் போக்கினார்கள். அவர்களில் ஒருவர் நெவில் சேம்பர்லைன். (இங்கிலாந்துப் பிரதமராக இருந்த சேம்பர்லைன் வேறு, இவர் வேறு.) வழக்கமான ஆட்டத்தில் கூடுதலாகச் சில வண்ணப் பந்துகளை அவர் சேர்த்துப் பார்த்தார். ஒருநாள் ஒரு அதிகாரி சுலபமான பந்தைத் தவறவிட, "சரியான ஸ்நூக்கர்" என்று கேலி செய்தாராம். பிறகு அவர் மனம் நோகக் கூடாதே என்று, இந்த ஆட்டத்துக்கு நாம் எல்லோருமே ஸ்நூக்கர்தானே என்றும் சொன்னாராம். அந்தப் பெயரே ஆட்டத்துக்கு நிலைத்துவிட்டது. 1882-ல் இதன் விதிகளை முறையாக எழுதி மாட்டியது எங்கே தெரியுமா? நம் ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில்! ஊட்டிக்கு டூர் போகிறவர்கள் படகு விடுகிற ஏரியையும் பொட்டானிகல் கார்டனையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். உலகமே ஆடும் ஒரு ஆட்டத்தின் சட்டம் அந்த மலையில்தான் எழுதப்பட்டது என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

எனக்கு இது எப்படித் தெரியும் என்கிறீர்களா? என் தாய்மாமன் சென்னையில் ஒரு கிளப்பில் 'மார்க்கர்'. மேஜையைச் சுத்தம் செய்வது, பந்துகளை அடுக்குவது, பாயிண்ட்டை போர்டில் குறிப்பது, உறுப்பினர்களுக்குக் குச்சி எடுத்துக் கொடுப்பது, இதெல்லாம் மார்க்கர் வேலை. போன வருடம் கோடை விடுமுறையில் இன்பிளான்ட் டிரெயினிங் போனேன் அல்லவா, அப்போது பதினைந்து நாள் மாமாவின் அறையில்தான் தங்கினேன். காலையில் உறுப்பினர்கள் வருவதற்கு முன்னால் அவரோடு போய் மேஜையைப் பார்ப்பேன்.

பன்னிரண்டு அடி நீளம், ஆறு அடி அகலம். மேலே பச்சைக் கம்பளித் துணி. துணிக்கு அடியில் மரம் இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை, சிலேட்டுக் கல்! ஒரு வருடம் லேத் பெட்டை அலைன்மென்ட் பார்த்துப் பழகிய எனக்கு, அந்தக் கல்லை மட்டம் பார்த்துப் பொருத்துகிற வேலையை நினைத்தாலே ஆச்சரியமாக இருந்தது. மாமா பிரஷ்ஷை எடுத்து ஒரே திசையில் துடைப்பார். பிறகு இஸ்திரிப் பெட்டியால் துணியைத் தேய்ப்பார், அதுவும் அதே திசையில். "எதுக்கு மாமா இப்படி?" என்றேன். "துணிக்கு ஒரு வாகு இருக்கு மாப்ள. எதிர்ல தேய்ச்சா பந்து கோணிக்கிட்டுப் போவும்" என்றார். அந்த மேஜையில் ஆட மார்க்கர்களுக்கு அனுமதி கிடையாது. இருபது வருடமாக அந்த மேஜையை இஸ்திரி போட்டு வைத்த மனிதர் அதில் ஒரு முழு ஆட்டம் ஆடியதில்லை. ஆனால் பார்த்திருக்கிறார். பார்த்துப் பார்த்தே அவருக்குத் தெரிந்தது நிறைய.

ஆட்டம் இதுதான். சிவப்புப் பந்து 15, வண்ணப் பந்து 6, அடிக்கிற வெள்ளைப் பந்து ஒன்று, ஆக 22. குச்சி வெள்ளையை மட்டும்தான் தொடலாம். வெள்ளை போய் மற்றதைத் தட்டிக் குழியில் விழவைக்க வேண்டும். சிவப்புக்கு 1 பாயிண்ட். ஒரு சிவப்பைப் போட்டால் அடுத்து ஒரு வண்ணத்தைப் போட வேண்டும். மஞ்சள் 2, பச்சை 3, பிரவுன் 4, நீலம் 5, பிங்க் 6, கறுப்பு 7. சிவப்பு இருக்கும்வரை வண்ணத்தைத் திரும்ப எடுத்து அதன் இடத்தில் வைத்துவிடுவார்கள். ஒவ்வொரு சிவப்போடும் கறுப்பைப் போட்டால் 15 தடவை 8, மொத்தம் 120. கடைசியில் ஆறு வண்ணமும் சேர்ந்து 27. ஆக 147. எதிராளி தப்பாட்டம் ஆடி ஓசி பாயிண்ட் கொடுக்காத வரை, ஒரே மூச்சில் எடுக்கக்கூடிய உச்சம் அதுதான்.

நம் தெரு கேரம் தெரிந்தவர்களுக்கு இது புரியும். ரெட்டைப் போட்டால் மட்டும் போதுமா? ஃபாலோ போட வேண்டாமா? ஃபாலோ கிடைக்காவிட்டால் ரெட் திரும்ப நடுவுக்கு வந்துவிடும். ஆனால் கேரமில் ஸ்ட்ரைக்கரை ஒவ்வொரு தடவையும் நம் கோட்டில் வைத்துக்கொள்ளலாம். ஸ்நூக்கரில் அந்தச் சலுகை இல்லை. வெள்ளை எங்கே போய் நின்றதோ அங்கிருந்துதான் அடுத்த அடி.

முதல் நாள் நான் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு உறுப்பினர் தூரத்துச் சிவப்பைப் படாரென்று அடித்துக் குழியில் தள்ளினார். நான் வாயைப் பிளந்தேன். மாமா என் காதருகே வந்து, "பந்து உழுந்துச்சானு பாக்காத. வெள்ளை எங்க நிக்குதுனு பாரு" என்றார். பார்த்தேன். வெள்ளை ஓரமாகப் போய் ஒரு பந்துக்குப் பின்னால் ஒளிந்து நின்றது. அடுத்து அடிக்க அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஒரு பாயிண்ட்டோடு உட்கார்ந்துவிட்டார். எதிரில் ஆடியவர் வயதானவர். பக்கத்துப் பந்தாகப் பார்த்து மெதுவாகத் தட்டிக்கொண்டே போனார். ஒவ்வொரு முறையும் வெள்ளை அவருக்கு வசதியான இடத்தில் போய் நின்றது. வெள்ளையின் நடுவுக்குக் கீழே அடித்தால் மோதிய பிறகு பின்னால் உருண்டு வரும். மேலே அடித்தால் தொடர்ந்து முன்னே ஓடும். பக்கவாட்டில் அடித்தால் சுவரில் பட்டு வேறு கோணத்தில் திரும்பும். நாம் அப்ளைடு பிசிக்ஸில் மனப்பாடம் செய்த உராய்வும் சுழற்சியும் அங்கே கண்ணெதிரே உருண்டுகொண்டிருந்தன!

மாமாதான் எனக்குப் பங்கஜ் அத்வானியைப் பற்றிச் சொன்னார். பிறகு நானே தேடிப் படித்தேன்.

அவரைப் பற்றிச் சொல்லும் முன் ஒரு ஸ்காட்லாந்துக்காரரைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டீபன் ஹென்ட்ரி. 1985-ல், 16 வயதில், தொழில்முறை ஸ்நூக்கருக்கு வந்தார். 1990-ல் 21 வயதில் உலக சாம்பியன். அதுவரை அவ்வளவு சின்ன வயதில் யாரும் வென்றதில்லை. 1999 முடிவதற்குள் ஏழு முறை அந்தப் பட்டம் அவருடையது. எடுத்த எடுப்பில் ஒரே பாதை, ஒரே ஆட்டம், உச்சி வரை. அப்படியும் ஒரு வாழ்க்கை இருக்கிறது.

ஹென்ட்ரி தொழில்முறைக்கு வந்த அதே 1985-ல்தான் பங்கஜ் அத்வானி புனேயில் பிறந்தார். சிறு பிள்ளையாகக் குவைத்தில் இருந்தார். வளைகுடாப் போர்ச் சமயத்தில் குடும்பம் இந்தியா திரும்பி பெங்களூரில் குடியேறியது. ஆறு வயதில் அப்பாவை இழந்தார். பத்து வயதில் அண்ணனோடு ஸ்நூக்கர் கூடத்துக்குப் போய் வேடிக்கை பார்க்கத் தொடங்கியவர், பிறகு முன்னாள் தேசிய சாம்பியன் அரவிந்த் சவூரிடம் பயிற்சி பெற்றார். 2003-ல் சீனாவின் ஜியாங்மென் நகரில் நடந்த அமெச்சூர் உலக ஸ்நூக்கர் பட்டத்தை வென்றார். அப்போது அவருக்கு வயது 18. இப்போது எனக்கும் உங்களில் பலருக்கும் இருக்கிற அதே வயது!

அதோடு நிற்கவில்லை. ஸ்நூக்கர் ஆடுகிறவர்கள் பொதுவாக பில்லியர்ட்ஸில் பெரிதாக வருவதில்லை. மேஜை ஒன்றுதான், ஆனால் பில்லியர்ட்ஸில் மூன்றே பந்து. கணக்கு வேறு, கைப்பதம் வேறு. நம் நாட்டுக்கு பில்லியர்ட்ஸ் புதிதல்ல. எந்தத் தனிநபர் விளையாட்டிலும் இந்தியாவின் முதல் உலக சாம்பியன் வில்சன் ஜோன்ஸ்தான். 1958-ல் கல்கத்தாவில் பில்லியர்ட்ஸில் வென்றார். அந்த ஆட்டத்தையும் பங்கஜ் விடவில்லை. 2005-ல் மால்டாவில் நேரக் கணக்கு, பாயிண்ட் கணக்கு என்ற இரண்டு வகை பில்லியர்ட்ஸ் உலகப் பட்டங்களையும் ஒரே ஆண்டில் வென்றார். 2006 தோஹா, 2010 குவாங்சோ என்று இரண்டு ஆசிய விளையாட்டுகளில் பில்லியர்ட்ஸ் தங்கம். 2009-ல் இங்கிலாந்தின் லீட்ஸில் மைக் ரஸ்ஸலை வென்று தொழில்முறை பில்லியர்ட்ஸ் உலகப் பட்டம்.

இப்போதுதான் கதையின் முக்கியமான கட்டம். 2012-ல் ஹென்ட்ரி ஓய்வு அறிவித்தார். (2020-ல் திரும்பி வந்து மீண்டும் சில காலம் ஆடினார்.) அதே 2012-ல் பங்கஜ் தொழில்முறை ஸ்நூக்கர் சுற்றில் சேர்ந்தார். பணமும் டிவி வெளிச்சமும் அங்கேதான். முதல் சீசனிலேயே, 2013 வெல்ஷ் ஓபனில் காலிறுதி வரை போனார். தரவரிசைப் போட்டி ஒன்றில் ஒரு இந்தியர் அதுவரை அவ்வளவு தூரம் போனதில்லை. அப்படியே தொடர்ந்திருந்தால் எல்லோரும் கைதட்டியிருப்பார்கள். ஆனால் 2014-ல் அவர் அந்தச் சுற்றை விட்டு வந்துவிட்டார்! இரண்டு ஆட்டமும் ஆட வேண்டும், சொந்த ஊரிலிருந்து ஆட வேண்டும் என்பதுதான் காரணம்.

"பயந்துக்கிட்டு வந்துட்டாரு" என்று சொன்னவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள். அதே 2014 அக்டோபரில் லீட்ஸில் பில்லியர்ட்ஸின் இரண்டு வகை உலகப் பட்டங்களையும் மறுபடி வென்றார். தொழில்முறைச் சுற்றில் இல்லாததால் அமெச்சூர் உலக ஸ்நூக்கர் மறுபடி அவருக்குத் திறந்தது; 2015-லும் 2017-லும் அதை வென்றார். 2024 முடிய அவர் எடுத்த உலகப் பட்டங்கள் மொத்தம் 28. கேல் ரத்னா, பத்மஸ்ரீ, 2018-ல் பத்மபூஷண். இதற்கிடையே ஓ.என்.ஜி.சி.யில் வேலையும் அவருக்கு உண்டு.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. மும்பையைச் சேர்ந்த ஆதித்ய மேத்தா தொழில்முறைச் சுற்றிலேயே தொடர்ந்தார். 2013-ல் டெல்லியில் நடந்த முதல் இந்தியன் ஓபனில் இறுதி ஆட்டம் வரை போய் சீனாவின் டிங் ஜுன்ஹுயிடம் தோற்றார். அவர் முடிவும் தப்பில்லை. யாருடைய மேஜையில் பந்துகள் எப்படிக் கிடக்கின்றனவோ, அதைப் பார்த்து அவரவர் அடிக்க வேண்டும். ஹென்ட்ரியின் மேஜை வேறு, பங்கஜின் மேஜை வேறு.

என் மேஜை இதுதான். எங்கள் வீடு செம்மண்டலத்தில். அப்பா கடலூர் முதுநகர் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி சுமக்கிறார். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அதற்கு மேல் தெரியாது. அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிறார். தங்கை பிளஸ் ஒன். எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் பத்தாவதைத் தாண்டி வந்தவன் நான்தான். முதல் வருட ஃபீஸுக்கு வைத்த அம்மாவின் தோடு இன்னும் அடகுக் கடையில் இருக்கிறது. இரண்டாம் வருடத்துக்குப் பணம் கட்டியது மார்க்கர் மாமா.

ஜனவரியில் நடந்த கேம்பஸ் இன்டர்வியூவில் எனக்கு வேலை கிடைத்தது. சென்னைக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனி. இரண்டு வருடம் டிரெயினி. கையில் வருவது அப்பாவின் சம்பாத்தியத்தைவிட அதிகம். கடிதத்தை வீட்டில் படித்துக் காட்டினேன். அப்பா, "இன்னொரு தரம் படி" என்றார். படித்தேன். "கெடைச்சத விட்றாதடா" என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, துண்டை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

ஆனால் அந்தக் கடிதத்தில் இன்னொரு வரியும் இருந்தது. இரண்டு வருடம் முடிந்தபின் வேலையை நிரந்தரமாக்குவதாக எந்த உறுதியும் இல்லை. போன ஆண்டு முடித்த சீனியர்கள் சிலரிடம் பேசினேன். ஷிப்டு மாறி மாறி வருகிறது, படிக்கலாம் என்று நினைத்தேன் முடியவில்லை என்றார்கள். பந்து விழுந்துவிடும். வெள்ளை? இருபது வயதில் அனுபவச் சான்றிதழ் ஒன்றோடு மறுபடி ஏதாவது கம்பெனி கேட் முன்னால் போய் நிற்கும்.

மறுபக்கம், நேரடி இரண்டாம் ஆண்டு பி.இ. இன்னும் மூன்று வருடம். அப்பாவின் முதுகு அந்த மூன்று வருடம் தாங்குமா? தங்கை பிளஸ் டூ முடித்தால் அவளுக்கு? நான் படித்தேன் என்பதற்காக அவள் படிக்காமல் நிற்கக் கூடாது. பல ராத்திரி தூக்கம் வரவில்லை. சிதம்பரத்திலிருந்து வருகிற என் வகுப்புத் தோழனுக்கும் இதே கதைதான். இரண்டு பேரும் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு இதையே பேசுவோம்.

மாமாவுக்குப் போன் செய்தேன். "வேலைக்குப் போ"ன்னும் சொல்லவில்லை, "படி"ன்னும் சொல்லவில்லை. அவர் கேட்டது ஒரே கேள்வி: "ரெண்டுக்கும் வழி வெச்சு அடிக்க முடியுமான்னு பாத்தியா மாப்ள?" ஸ்நூக்கரில் அப்படி ஒரு அடி இருக்கிறது. தூரத்துப் பந்தைக் குறி பார்ப்பார்கள். ஆனால் வெள்ளை எப்படியும் மேஜையின் இந்தக் கோடிக்கே, பாதுகாப்பான இடத்துக்குத் திரும்பி வருகிற மாதிரி அடிப்பார்கள். பந்து விழுந்தால் ஆட்டத்தைத் தொடரலாம். விழாவிட்டாலும் எதிராளிக்கு ஒன்றும் கிடைக்காது. கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிற தைரியம் வேறு, இது வேறு. இதற்கு முன்கூட்டிக் கணக்குப் போட வேண்டும்.

அன்று ராத்திரி பேப்பரில் கணக்குப் போட்டேன். கம்பெனியில் சேர வேண்டிய தேதி ஜூலை கடைசி. அதற்கு முன்னால் நேரடி இரண்டாம் ஆண்டுக் கலந்தாய்வுக்கு விண்ணப்பித்துவிடலாம். முதல் பட்டதாரி சான்றிதழ் இருந்தால் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. இ-சேவை மையத்துக்குப் போய் அதற்கு விண்ணப்பித்துவிட்டேன். அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் படிப்பு. விடுமுறையில் நான் உழைத்து விடுதிச் செலவைப் பார்த்துக்கொள்வேன். பெரிய ஃபீஸ் கேட்கும் கல்லூரியில்தான் கிடைக்கும் என்றால் கடிதத்தை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிறேன். தோட்டை மீட்கிறேன், தங்கையைச் சேர்க்கிறேன், பகுதி நேர பி.இ. எங்கே இருக்கிறது என்று அங்கிருந்தே பார்க்கிறேன். கடைசி செமஸ்டரில் எடுக்கிற மார்க்கைப் பொறுத்துத்தான் எல்லாம். ஆக, இப்போது அடிக்க வேண்டிய பந்து அதுதான்.

அப்பாவிடம் சொன்னேன். கலந்தாய்வு, சலுகை என்பதெல்லாம் அவருக்கு முழுதாக விளங்கியதா தெரியவில்லை. "ரெண்டுல ஒண்ணு நிச்சயம்னு சொல்றியா?" என்று கேட்டார். "ஆமாப்பா" என்றேன். "அப்ப சரி" என்றார். இது நடந்து ஒரு மாதம் ஆகிறது. முடிவு எப்படி வரும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் இப்போது ராத்திரியில் தூக்கம் வருகிறது.

ஜூனியர் தம்பி தங்கைகளே! நம்மில் பெரும்பாலோர் வீட்டில் முதல் ஆள். பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்ல அண்ணனோ அக்காவோ இல்லை. நேர் பாதையை ஏதாவது ஒன்று மறைத்துக்கொண்டுதான் நிற்கும். ஃபீஸ், அடகு, பஸ், அரியர்! அடிக்க வேண்டிய பந்து நேராகத் தெரியாதபடி மறைந்து நிற்கும் நிலைக்கும் 'ஸ்நூக்கர்' என்றுதான் பெயர். அப்போது ஆட்டக்காரர்கள் குச்சியைக் கீழே போட்டுவிடுவதில்லை. சுவரைப் பார்க்கிறார்கள், கோணத்தைக் கணக்குப் போடுகிறார்கள், சுவரில் மோத விட்டுப் பந்தைத் தொடுகிறார்கள். சுற்றி வந்தாலும் தொட்டால் சரிதானே?

விண்ணப்பம் எப்போது வரும், சான்றிதழுக்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். வேண்டியவர்கள் மதிய இடைவேளையில் ஒர்க் ஷாப் பக்கம் வாருங்கள், சேர்ந்தே நிரப்புவோம். எனக்கும் பாதிதான் தெரியும், கூச்சப்பட வேண்டாம். இந்த ஆட்டத்துக்கு நாம் எல்லோருமே ஸ்நூக்கர்தானே!